கடற்பீச்சியை வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர் வீட்டில் மூன்றடிக் கடல்மீன் தொட்டி ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 150 லீட்டர் தண்ணீர், இரண்டு கோமாளி மீன், கொஞ்சம் மென்பவளம். வள்ளம் கட்டியிருந்த பழைய கயிறு ஒன்றைக் கரைக்கு இழுத்தபோது அதில் கொத்தாகக் கடற்பீச்சிகள் (தொட்டால் தண்ணீர் பீச்சும், பை போன்ற கடல் பிராணிகள்) ஒட்டியிருக்க, மூன்றைக் கொண்டுவந்து தொட்டியில் வைத்திருக்கிறார். முதல் கிழமை மூன்றும் நன்றாக வாய் திறந்து நின்றனவாம். மூன்றாவது கிழமை ஒன்று சுருங்கிவிட்டது, மற்ற இரண்டும் சிறுத்துக்கொண்டே வருகின்றன. தண்ணீரைச் சோதித்தால் எல்லாம் சரியாகவே வருகிறது. "மீனெல்லாம் நன்றாக இருக்கிறதே, இதுக்கு மட்டும் என்ன குறை? இதை வளர்க்கவே ஏலாதா? செத்தால் தொட்டி முழுக்க விஷமாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?"

தம்பி, உங்கள் கடற்பீச்சிகளுக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவை பட்டினி கிடக்கின்றன. மீனுக்கும் பவளத்துக்கும் நல்லதென்று நாம் பாடுபட்டு உண்டாக்கும் தெளிந்த தண்ணீர் கடற்பீச்சிக்குப் பஞ்சகாலம். இதை வளர்க்கலாம், ஆனால் மீன் வளர்க்கும் முறையில் வளர்க்க ஏலாது. அது எப்படிச் சாப்பிடுகிறது என்று விளங்கிவிட்டால் மிச்சமெல்லாம் தானாக விளங்கும், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கடற்பீச்சியின் உடம்பு தடித்த தோல் போர்த்திய ஒரு பை. உச்சியில் ஒரு குழாய்வாய், சற்றுக் கீழே பக்கவாட்டில் இன்னொன்று. மேல்வாயால் தண்ணீர் உள்ளே போகும், பக்கவாயால் வெளியே வரும். உள்ளே உடம்பின் பெரும் பகுதி தொண்டைதான். அந்தத் தொண்டைச் சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள், துவார விளிம்புகளில் நுண்மயிர்கள். மயிர்கள் ஓயாமல் அடித்துத் தண்ணீரை இழுக்க, தொண்டையின் ஒரு பக்கத்தில் ஓடும் எண்டோஸ்டைல் என்ற பள்ளம் மெல்லிய சளி வலையைச் சுரந்து சுவரின் மேல் விரித்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் வலையூடாகப் போகும், அதிலுள்ள நுண்பாசியும் பக்டீரியாவும் வலையில் சிக்கும். வலையைச் சுருட்டி அப்படியே விழுங்கிவிடும். ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவான துகளைக்கூட இந்த வலை விடாது. ஆனால் கடையில் விற்கும் ஆர்ட்டீமியா என்ற சின்ன உப்புநீர் இறால், தூளாக்கிய மீன் தீனி, அரைத்த இறால் இவையெல்லாம் அதற்கு மிகப் பெரியவை. பெரிய துகள் வாய்க்குள் போனால் உடம்பைச் சுருக்கித் தண்ணீரோடு வெளியே பீச்சிவிடும். நீங்கள் போட்ட தீனியை அது சாப்பிட்டிருக்காது.

எவ்வளவு தண்ணீர் வடிக்கும் என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ஃபலூசியா நைக்ரா என்ற கறுப்புக் கடற்பீச்சி இந்து சமுத்திரத் துறைமுகங்களில் பரவலாக இருப்பது. சில சென்டிமீட்டர் நீளமே உள்ள ஒன்று 24 மணித்தியாலத்தில் 173 லீட்டர் தண்ணீரைத் தன் உடம்பூடாக விடும் என்று விலங்கியல் பாடநூல்களில் இருக்கிறது. உங்கள் தொட்டி முழுவதும் 150 லீட்டர். அந்த அளவான ஒன்றே ஒன்று இருந்தால்கூட ஒரு நாளைக்குள் தொட்டித் தண்ணீர் முழுவதையும் வடித்து முடித்துவிடும். நீங்கள் வைத்தது மூன்று. கடலில் அலை ஒவ்வொரு கணமும் புதுத் தண்ணீரைக் கொண்டுவந்து வாயில் ஊற்றுகிறது. தொட்டியிலோ அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. போதாக்குறைக்கு அழுக்கை நுரையோடு அகற்றும் புரோட்டீன் ஸ்கிம்மர், ஃபில்டர் பஞ்சு, சிலர் வைக்கும் யூவி விளக்கு எல்லாமே அது சாப்பிடக்கூடிய அந்த நுண்ணுயிர்களைத்தான் முதலில் அகற்றுகின்றன.

முதல் கிழமை நன்றாக நின்றதற்கும் காரணம் இதுதான். கடலில் சாப்பிட்டுச் சேர்த்த உடம்பை வைத்துக் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். அப்புறம் தன் தசையையே கரைத்துச் சிறுக்கும். கடையில் வாங்கியவர்கள் "ரெண்டு மாதம் நல்லாத்தான் இருந்தது, திடீரென்று செத்துவிட்டது" என்பார்கள். திடீரென்று அல்ல, இரண்டு மாதமும் மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருந்தது.

சாப்பிடுகிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பச்சைத் தண்ணீர், அதாவது நுண்பாசி வளர்த்த தண்ணீர், கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டி மோட்டர்களை நிறுத்திவிட்டு, மருந்து விடும் டிரொப்பரால் மேல்வாய்க்கு இரண்டு விரல் தள்ளி ஒரு துளியை மெதுவாக விடுங்கள். நேராக வாய்க்குள் விட்டால் மூடிக்கொள்ளும். பச்சைப் புகைபோல மிதக்கும் அந்தத் துளி, உயிரோட்டமுள்ள கடற்பீச்சி என்றால், மெல்ல நீண்டு நூலாகி மேல்வாய்க்குள் இறங்கும். பக்கவாயிலிருந்து வருவதோ நிறமில்லாத தண்ணீர். பிறகு சில மணித்தியாலம் கழித்துப் பக்கவாய்க்குக் கீழே பாருங்கள். மெல்லிய நூல் துண்டுகள் போல எச்சம் விழுந்து கிடந்தால் சாப்பிட்டது செமித்திருக்கிறது. நான் தினமும் காலையில் முதலில் பார்ப்பது இந்த எச்சத்தைத்தான். வாய் திறந்திருப்பதை வைத்து ஒன்றும் முடிவுகட்ட முடியாது, பசியிலும் வாய் திறந்தே இருக்கும்.

இவ்வளவு மெனக்கெட்டு இதை ஏன் வளர்க்க வேண்டும் என்று யாராவது கேட்கலாம். எனக்குக் கடலில் இதைவிட வியப்பான பிராணி கிடையாது. பார்த்தால் செடியா பஞ்சா என்று தெரியாத இது, நண்டு, இறால், கணவாய் எல்லாவற்றையும்விட நமக்கு நெருங்கிய உறவு. 1866இல் ரஷ்ய விஞ்ஞானி அலெக்சாண்டர் கோவலெவ்ஸ்கி இதன் குடம்பியை ஆராய்ந்தபோது, அது தவளையின் வால்பேத்தை உருவத்தில் இருப்பதையும் அதன் வாலுக்குள் முதுகுநாண் ஓடுவதையும் கண்டு எழுதினார். முள்ளந்தண்டுள்ள பிராணிகளின் கருவில் தோன்றும் அதே நாண். 1871இல் டார்வினும் மனிதனின் தோற்றம் பற்றிய தன் நூலில் இதை முக்கியமாக எடுத்துச் சொன்னார். அந்தக் குடம்பி சாப்பிடுவதே இல்லை. சில நிமிடமோ சில மணித்தியாலமோ, அதிகம் போனால் ஓரிரு நாளோ நீந்தி, நிழலான ஓர் இடத்தைத் தேடித் தலையை ஒட்டிக்கொள்ளும். பிறகு வாலையும் நாணையும் உள்ளிழுத்துக் கரைத்துவிட்டு அந்த இடத்திலேயே வாழ்நாளைக் கழிக்கும். "தன் மூளையையே தின்றுவிடும் பிராணி" என்று எல்லா இடமும் சொல்கிறார்களே, அது முழு உண்மை இல்லை. குடம்பியின் மூளை கரைவது சரி, ஆனால் வளர்ந்ததற்கு வேறொரு நரம்புத்திரள் இரண்டு வாய்களுக்கும் நடுவில் உருவாகிறது. தொட்டவுடன் சுருங்கித் தண்ணீர் பீச்சுவது அதன் வேலை.

நான் மேலே சொன்ன எண்டோஸ்டைல் பள்ளம் அயடீனைச் சேர்க்கும். நம் கழுத்திலுள்ள தைரோயிட் சுரப்பியின் மூதாதை அதுதான். போர்த்தியிருக்கும் தோல் செலுலோசால் ஆனது; மரத்திலும் பருத்தியிலும் உள்ள பொருள். விலங்குகளில் அதைத் தானே உண்டாக்கத் தெரிந்தது இந்தக் கூட்டம் மட்டுமே. இதயம் இன்னும் விசேஷம். கண்ணாடி போன்ற உடம்புள்ள சிறு இனம் ஏதாவது உங்கள் தொட்டிக் கல்லிலோ, வடிகட்டும் கருவிகள் வைக்கும் கீழ்த்தொட்டியான சம்ப்பிலோ இருந்தால், இரவில் ஒரு ரோச்சைப் பக்கவாட்டில் பிடித்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். அடிப்பக்கம் வளைந்த குழாயாக இதயம் தெரியும். அலையலையாக ஒரு பக்கம் இரத்தத்தைத் தள்ளும், சற்று நிற்கும், பிறகு எதிர்ப்பக்கம் தள்ளத் தொடங்கும். சில நிமிடத்துக்கு ஒரு தடவை இப்படித் திசை மாறிக்கொண்டே இருக்கும். இதைப் பார்த்த பிள்ளைகள் தொட்டியை விட்டு எழும்ப மாட்டார்கள்.

சரி, எந்த இனத்தை வைப்பது? உலகில் மூவாயிரம் அளவான இனங்கள் இருக்கின்றன. கடைக்கு வருபவை நிறத்துக்காக வருபவை. மஞ்சளில் ஊதாக் கோடு போட்ட பொலிகார்ப்பா ஆராட்டா, நீலமான ரொப்பலியா, பச்சைக் குடம் போன்ற டிடெம்னம் மொல்லே. இவை இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பவளப்பாறைகளில் பிடிக்கப்பட்டுப் பல கை மாறி வருகின்றன. வரும்போதே பாதிப் பட்டினி. டிடெம்னத்துக்குள் புரோகுளோரோன் என்ற நீலப்பச்சைப் பாசி குடியிருப்பதால் வெளிச்சம் மட்டும் போதும் என்று சொல்லி விற்பார்கள். போதாது. அதுவும் தண்ணீர் வடித்துத்தான் சாப்பிட வேண்டும், இயல்பிலேயே ஆயுளும் குறைவு. இவற்றை வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நீங்கள் காசு கொடுத்து வாங்கும் ஒவ்வொன்றுக்கும் பதிலாகப் பாறையிலிருந்து இன்னொன்றைப் பிய்த்தெடுப்பார்கள்.

நம் துறைமுகப் பக்கத்து இனங்கள் அப்படியில்லை. கயிறு, மிதவை, படகின் அடி, இறங்குதுறைத் தூண் என்று கலங்கல் தண்ணீரிலும் சூட்டிலும் வளர்ந்து பழகியவை. விலங்கியல் படித்தவர்களுக்கு ஹெர்ட்மேனியாவைத் தெரிந்திருக்கும். சங்கின் முதுகில்கூட ஒட்டிக்கொண்டு வரும் இளஞ்சிவப்பு வாய்க்காரன். 1902இல் மன்னார் வளைகுடா முத்துப்படுக்கைகளை ஆராய இலங்கைக்கு வந்த பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மனின் பெயர்தான் அதற்கு. அவர் முத்துக்காக அழைக்கப்பட்டவர், ஆனால் உலகளவில் கடற்பீச்சிகளுக்கே பெயர்போன நிபுணர். ஹெர்ட்மேனியாவின் தோலில் சுண்ணாம்பு ஊசிகள் இருக்கும், கையுறை போட்டுப் பிடியுங்கள்.

பிடியுங்கள் என்றேனே தவிர, ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து பிய்க்கவே கூடாது. பிய்த்தால் அடித்தோல் கிழியும், கிழிந்த இடத்தில் அழுகல் தொடங்கும். உங்கள் மூன்றில் முதலில் சுருங்கியது எது, கயிற்றிலிருந்து பிய்த்ததா, கயிற்றோடு வெட்டி வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். என் முறை வேறு. கரடுமுரடான கூரை ஓட்டுத் துண்டு ஒன்றையோ சிரட்டையையோ நைலோன் கயிற்றில் கட்டி, அனுமதி உள்ள ஓர் இறங்குதுறையில் ஒன்றரை ஆள் ஆழத்தில் படுக்கைவசமாகத் தொங்கவிடுவேன். குடம்பி நிழல் தேடும் என்று சொன்னேன் அல்லவா, அதனால் ஓட்டின் அடிப்பக்கத்தில்தான் வந்து குடியேறும். இரண்டு மூன்று மாதத்தில் கொட்டலசு, சிப்பிக் குஞ்சு, பாசிகளோடு கடற்பீச்சிகளும் நிறைந்திருக்கும். கடலுக்கு நட்டமில்லை, பிராணிக்குக் காயமில்லை, ஓட்டோடு தூக்கித் தொட்டியில் வைத்துவிடலாம். சித்திரைக்குப் பிறகு கடல் அடங்கிக் கிடக்கும் மாதங்கள் இதற்குத் தோது. தண்ணீருக்குள்ளேயே வாளியை அமிழ்த்தி ஓட்டை உள்ளே எடுங்கள். வெளிக்காற்று பட்டால் தண்ணீரைப் பீச்சிவிட்டுக் காற்றை இழுத்துக்கொள்ளும், உள்ளே சிக்கிய காற்றுக்குமிழி தொண்டையைக் கெடுக்கும்.

இடம் பற்றி ஒரு எச்சரிக்கை. புறாமலைத் தீவுப் பக்கம் கை வைக்காதீர்கள். 1963இல் சரணாலயமாகி 2003இல் தேசிய பூங்காவானது. அங்கிருந்து ஒரு சிப்பி ஓடுகூட எடுக்கக் கூடாது. முருகைக்கல்லை எங்கே உடைத்தாலும் குற்றம். உட்துறைமுகத்தில் கடற்படைக் கட்டுப்பாடு உண்டு. மற்ற இடங்களில் ஓடு தொங்கவிடவும் கடற்றொழில் நீரியல்வளத் திணைக்களத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தொட்டிக்கு வருவோம். கோமாளி மீன் இருக்கும் தொட்டியில் கடற்பீச்சியை வைக்காதீர்கள். கோமாளி மீன் இதைத் தொந்தரவு செய்யாது, ஆனால் அந்தத் தொட்டிக்குத் தேவை தெளிவு, இதற்குத் தேவை கலங்கல். இரண்டையும் ஒரே தண்ணீரில் திருப்திப்படுத்த முடியாது. நாற்பது ஐம்பது லீட்டரில் தனித் தொட்டி ஒன்று போதும். அடியில் மெல்லிய மணல், கொஞ்சம் பழுத்த கல் (நல்ல பக்டீரியா குடியேறிய பழைய தொட்டிக் கல்), மிதமாகத் தண்ணீர் தள்ளும் சிறு மோட்டர் ஒன்று, ஒரு காற்றுக்குழாய். ஸ்கிம்மர் வேண்டாம். வெளிச்சம் குறைவாகவே இருக்கட்டும். பவளத்துக்குப் போடும் கடும் நீல விளக்கின் கீழ் வைத்தால் தோல்மேல் நார்ப்பாசி படர்ந்து வாயை அடைத்துவிடும். கல்லுக்குக் கீழே, கடலில் இருந்த மாதிரியே, தலைகீழாகவோ சாய்வாகவோ வைத்தால் சேறும் வாயில் படியாது. கலங்கல் வேண்டும் என்றேன், அது பாசிக் கலங்கல். மண் கலங்கல் கூடாது. களிமண் துகள் வலையை அடைத்து வெறும் மண்ணையே விழுங்க வைக்கும்.

வெளிநாட்டுப் புத்தகங்களில் 24, 25 பாகை வெப்பம் என்று போட்டிருப்பதைப் பார்த்துக் கூலருக்குக் காசு கொட்ட வேண்டாம். நம் கடலே 28 முதல் 30 பாகை வரை இருக்கும், நம் துறைமுகத்து இனம் அதற்குப் பழகியது. ஆபத்து அதற்கு மேலே போகும்போதுதான். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மதியங்களில் தகரக் கூரை வீட்டுத் தொட்டி 32ஐத் தாண்டும், ஒட்சிசன் குறையும். தண்ணீர்ப் பரப்பின்மேல் ஒரு சின்ன ஃபேனைத் திருப்பிவிட்டால் இரண்டு பாகை இறங்கும். ஆவியாகிக் குறையும் அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். அடர்த்தி 1.025ஐ ஒட்டி இருக்கட்டும். 1.023க்குக் கீழே போக விடாதீர்கள். கடற்பீச்சியால் தன் உடம்பின் உப்பைத் தானே கட்டுப்படுத்த முடியாது.

இனிச் சாப்பாடு. கொழும்பிலோ கண்டியிலோ இருப்பவர் உப்புத்தூள் கரைத்துத் தொட்டி வைக்கிறார். அந்தத் தண்ணீரில் ஓர் உயிர்கூட இல்லை. உங்களுக்குக் கடல் நடை தூரத்தில். கடல்நீரை எடுத்து இருட்டில் சில கிழமை வைத்து, உயிரெல்லாம் செத்த பிறகு பாவிக்கச் சொல்லி மீன் வளர்ப்பவர்கள் சொல்வது மீன் நோய்க்குப் பயந்து. மீனில்லாத இந்தத் தொட்டிக்கு நேர்மாறாகச் செய்யுங்கள். விடியற்காலை, கடல் அமைதியாக இருக்கும்போது, கழிவு வாய்க்கால் இல்லாத இடத்தில் இரண்டு வாளி எடுத்து, அதே சூட்டோடு, பெரிய குப்பையை மட்டும் துணியில் வடித்துவிட்டு ஊற்றுங்கள். எடுத்த அளவுக்குப் பழைய தண்ணீரை வெளியேற்றுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் பத்து லீட்டர் மாற்றினால் பக்டீரியாவும் நுண்பாசியும் தொடர்ந்து கிடைக்கும். பிராணி விடும் அமோனியாவும் கூடாமல் இருக்கும்.

இது மட்டும் முழு வயிற்றுக்குப் போதாது, அதோடு ஐப்பசியிலிருந்து தைவரை இந்த வழியும் அடைபட்டுவிடும். வாடைக் கடல் கொந்தளித்து மணலைக் கிளப்பும், மகாவலி வெள்ளம் கொட்டியாரக் குடாவுக்குள் சேற்றோடு இறங்கும். மூதூர், கிண்ணியாப் பக்கம் அந்த நாட்களில் எடுத்த தண்ணீரில் உப்பு எவ்வளவு குறைந்திருக்கும் என்பதை உப்பளக்கும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரில் பார்க்காமல் நம்பவே கூடாது. அதனால் பச்சைத் தண்ணீர் வளர்க்கப் பழகுங்கள்.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. இரண்டு லீட்டர் சோடாப் போத்தல் மூன்று. கடல்நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, போத்தலில் முக்கால்வாசி நிரப்பி, நனோக்ளோரொப்சிஸ் என்ற பச்சை நுண்பாசியின் விதைப்பாசி கால் பங்கு ஊற்றுங்கள். இறால் குஞ்சு, கடலட்டைக் குஞ்சு பொரிக்கும் நிலையங்களில் இந்தப் பாசிகளை வளர்ப்பார்கள், கேட்டுப் பார்க்கலாம். எஃப்/2 என்ற பாசி உரம் அளவாகச் சில துளி. தோட்டத்து உரம் வேண்டாம், அதில் எந்த உலோகம் எவ்வளவு என்று தெரியாது. காற்றுக்குழாயில் கல் மாட்டாமல் பெரிய குமிழியாக விட்டு, வெள்ளை எல்ஈடி விளக்கின் கீழ் வையுங்கள். நேர்வெயில் படக் கூடாது. ஒரு கிழமை, பத்து நாளில் கரும்பச்சை ஆகும். பாதியை எடுத்துக்கொண்டு மறுபடி கடல்நீரும் உரமும் சேர்த்தால் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று போத்தல் ஏனென்றால் ஒன்று எப்போதாவது நிறம் வெளிறித் தெளிந்துவிடும். வேறு நுண்பிராணி புகுந்து பாசியைத் தின்றுவிட்டது என்று அர்த்தம், அதைக் கொட்டிவிட்டு மற்றதிலிருந்து தொடங்கலாம்.

நனோக்ளோரொப்சிஸ் வளர்ப்பது லேசு, ஆனால் அதன் சுவர் தடிப்பு, செமிப்பது கடினம். கொஞ்சம் கை வந்ததும் ஐசோகிரைசிஸ் என்ற பொன்பழுப்புப் பாசியையும் ஒரு போத்தலில் வளர்த்துக் கலந்து கொடுங்கள். வித்தியாசம் பிராணியின் உடம்பிலேயே தெரியும்.

எவ்வளவு கொடுப்பது என்பதை மில்லிலீட்டரில் சொல்வதைவிடக் கண்ணால் பார்ப்பதே சரி. தொட்டிக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்தால் இளம்பச்சை மங்கல் தெரிய வேண்டும். மூன்று நான்கு மணித்தியாலத்தில் அது தெளிய வேண்டும். தெளிந்ததும் மறுபடி. அரை மணித்தியாலத்தில் தெளிந்தால் போதவில்லை, மறுநாளும் பச்சையாகவே நின்றால் கூடிப்போச்சு. ஒரே தடவையில் கொட்டுவதைவிட நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாகப் போவது நல்லது. பாமசியில் சேலைன் ஏற்றும் ரியூப் வாங்கி, பாசிப் போத்தலை உயரத்தில் தொங்கவிட்டு, உருளையைத் திருகிச் சொட்டை அளந்துவிட்டால் நீங்கள் வேலைக்குப் போனாலும் அது சாப்பிட்டுக்கொண்டிருக்கும். இரவிலும் சாப்பிடும்.

விஷம் பற்றிக் கேட்டீர்கள். பயம் முழுக்கப் பொய்யில்லை. 1911இல் ஜெர்மன் வேதியியலாளர் மார்ட்டின் ஹென்ட்ஸே கடற்பீச்சி இரத்தத்தில் வனேடியம் என்ற உலோகம் இருப்பதைக் கண்டுபிடித்தார். சில இனங்கள் கடல்நீரில் உள்ளதைப்போல் ஒரு கோடி மடங்கு வரை அதைத் திரட்டி வைக்கின்றன. கறுப்பு ஃபலூசியா போன்றவற்றின் உடம்பில் கடும் அமிலமும் உண்டு. மீன் கடித்துத் தின்னாமல் இருக்க அதுவே காவல். வேறு வேதிப்பொருள்களும் பலவற்றில் இருக்கின்றன. கரீபியன் கடலின் எக்டினாசிடியா என்ற இனத்திலிருந்துதான் டிரபெக்டிடின் என்ற புற்றுநோய் மருந்தைக் கண்டெடுத்தார்கள், ஐரோப்பாவில் 2007இல் அனுமதி பெற்றது. உயிரோடு இருக்கும்வரை இதெல்லாம் தோலுக்குள்ளேயே இருக்கும். செத்து அழுகினால்தான் வெளிவரும். சின்னத் தொட்டியில் அதைவிடப் பெரிய ஆபத்து அழுகலிலிருந்து வரும் அமோனியா. ஆகவே செத்ததை உடனே எடுங்கள், தண்ணீரில் கால்வாசி மாற்றுங்கள், தொட்டிக்கு விற்கும் வடிகட்டும் கரி ஒரு பையை இரண்டு நாளுக்குப் போட்டு வையுங்கள்.

செத்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள மழுங்கிய குச்சியால் வாய் விளிம்பை மெல்லத் தொடுங்கள். உயிர் இருந்தால் மெதுவாகவாவது மூடும். மூடவில்லை, தோல் கொழகொழத்துவிட்டது, வெள்ளைப் படலம் பிடித்திருக்கிறது என்றால் முடிந்தது. தோலின் மேல்பகுதி மட்டும் உரிந்தால் பதற வேண்டாம், சில இனங்கள் ஒட்டியிருக்கும் பாசியோடு மேல்தோலைக் கழற்றிவிடும். கொத்தாக வாழும் சில இனங்கள் முற்றாகச் சுருங்கிச் சில கிழமை கழித்து மறுபடி விரியவும் செய்யும், அவற்றை அவசரப்பட்டு எறியாதீர்கள். ஆயுளும் மனதில் இருக்கட்டும். தனியாக வாழும் பல இனங்களுக்கு இயல்பான வாழ்நாளே ஒரு வருடம், இரண்டு வருடம்தான்.

மீனுக்கு வருத்தம் என்று செம்பு மருந்து போட்ட தொட்டியின் தண்ணீரோ வாளியோ இதற்குப் பக்கத்திலேயே வரக் கூடாது. நண்டு, தட்டைப்புழு, வண்ண நூடிபிராங்க் (ஓடில்லாத கடல்நத்தை) எதுவும் சேர்க்காதீர்கள். நெம்ப்ரோத்தா வகை நூடிபிராங்குகளுக்குக் கடற்பீச்சியே சாப்பாடு. வண்ணாத்தி மீன், கிளாத்தி, ஏஞ்சல் மீன் எல்லாம் கொத்தித் தின்னும்.

உங்கள் சம்ப்பில், மோட்டர் கூட்டுக்குள், குழாய் முனையில் பயறளவான வெள்ளைக் கடற்பீச்சிகள் தாமாக முளைத்திருக்கின்றனவா என்று இன்று இரவு பாருங்கள். பல தொட்டிகளில் இருக்கும், ஆள் கவனிப்பதில்லை. அவை உங்கள் தொட்டியில் பிறந்து, உங்கள் தொட்டியில் கிடைப்பதைச் சாப்பிட்டு வளர்ந்தவை. வேறு எதையும் வாங்காமல் அவற்றையே பெருக்கலாம். ஸ்கிம்மரைப் பகலில் சில மணித்தியாலம் நிறுத்திப் பச்சைத் தண்ணீர் விட்டால் ஒரு மாதத்தில் எண்ணிக்கை கூடும்.

மிச்சமிருக்கும் இரண்டுக்கும் இந்தக் கிழமை செய்ய வேண்டியது: சுருங்கியதைக் குச்சியால் தொட்டுப் பார்த்து, செத்திருந்தால் எடுத்துவிடுங்கள். மற்ற இரண்டையும் தண்ணீருக்குள்ளேயே ஒரு பாத்திரத்தில் ஏந்தி, இருபது லீட்டர் வாளி ஒன்றுக்கு மாற்றுங்கள். தொட்டித் தண்ணீர் பாதி, புதுக் கடல்நீர் பாதி, ஒரு காற்றுக்குழாய். பாசி கைக்கு வரும்வரை காலையும் மாலையும் மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரைப் புதுக் கடல்நீரால் மாற்றிக்கொண்டே இருங்கள். பாவம், நாட்கணக்கில் பசியோடு இருப்பவை, முதல் நாளே கரும்பச்சையாக ஊற்றிவிடாதீர்கள். எச்சம் விழத் தொடங்கினால் பிழைத்துக்கொள்ளும். அவற்றை மறுபடி கடலில் விடும் எண்ணம் மட்டும் வேண்டாம். உங்கள் மீனும் பவளமும் எந்த நாட்டுக் கடலிலிருந்து வந்தனவோ, அவற்றோடு ஒரே தண்ணீரில் இருந்துவிட்ட பிராணி நம் குடாவுக்குள் எதைக் கொண்டுபோகும் என்று சொல்ல முடியாது. கப்பலின் அடியில் ஒட்டி வந்த அந்நிய இனங்கள் எத்தனையோ நாட்டுத் துறைமுகங்களில் சிப்பி வளர்ப்பையே மூடிப் பரவியிருக்கின்றன. வாளியில் மாற்றிய பழைய தண்ணீரையும் கடற்கரையில் கொட்டாமல் வளவுக்குள் மண்ணில் ஊற்றுங்கள், தென்னையடியில் ஊற்றினால் தென்னைக்கு ஒன்றும் ஆகாது.